அமாவாசைக்கு முன்னால கடற்கரையில ஒரு நாள்

வர்ற மஹாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க, வழக்கம்போல நம்ம கோயில்ல இருந்து பஸ் போகுது. அதுக்கு இடம் பார்க்கப் போன சனிக்கிழமை தொண்டூழியர்கள் ஆறு பேர் சிலாங்கூர் பந்தாய் ரெமிஸ் போயிருந்தோம். பறவைகளைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச, ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா ஒருவரும் பைனாகுலரோட வந்தாங்க.

காலையில கடல் வற்றிக் கிடந்தது. மீ ஹூன் பசியாறிட்டுப் பார்த்தா, சேறு முழுக்க அசைவு. சிவந்த காலோட பவளக்காலி, குட்டையா உப்புக்கொத்தி, வளைஞ்ச அலகோட விம்பிரல். சைபீரியா பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு, குளிருக்கு முன்னாடி தெற்கே வர்ற கூட்டம். சிலது இங்கேயே தங்கும், சிலது ஆஸ்திரேலியா வரைக்கும் போகும். 2022-ல ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில இருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள் தரையில இறங்காமலே பறந்ததாம். அப்போ அதுக்கு வயசு ஐந்து மாதம்தான்!

மதியம் தண்ணீர் ஏற ஏற, சேறு மறைஞ்சு, பறவைகள் எல்லாம் கரையோரமா ஒதுங்கின. "இது இரை தேடுற நேரமில்ல, ஓய்வு எடுக்கிற நேரம். இப்போ விரட்டினா, சேர்த்து வச்ச கொழுப்பு வீணாப் போயிடும்"னு அக்கா சொன்னாங்க. "அமாவாசை அன்னிக்கு ஏற்றம் இன்னும் அதிகமா இருக்கும். இடம் இன்னும் சுருங்கிடும்."

எங்களுக்குச் சுருக்குன்னு இருந்தது. போன வருஷம் தர்ப்பணத்தப்போ பிள்ளைங்க கைதட்டி ஓட, கூட்டம் மொத்தமா எழும்பிப் பறந்ததை நாங்களே வீடியோ எடுத்து இங்கே போட்டோம். நீங்களும் லைக் போட்டீங்க. அதை இப்போ நீக்கிட்டோம்.

இன்னொண்ணும் பார்த்தோம். ஒரு பவளக்காலி ஒத்தைக் கால்ல நின்னுச்சு. பறவை அப்படி நிக்கிறது சகஜம்தானேன்னு நினைச்சோம். அது நொண்டி நடந்தப்போதான் கால்ல நைலான் நூல் சுத்தியிருந்தது தெரிஞ்சது. தூண்டில் நூலா, மாலை நூலான்னு சொல்ல முடியல. ஆனா பக்கத்திலேயே கரை ஒதுங்கிக் கிடந்த மாலையிலயும் நைலான் நூல்தான் இருந்தது. பிடிக்கப் பார்த்தோம், பறந்திடுச்சு.

அதனால அன்பர்களே, இந்த வருஷம் சில ஏற்பாடு:

பூவை உதிர்த்துக் கொண்டு வாங்க. மாலையும் நூலும் வேண்டாம்.

பிளாஸ்டிக் பை, பாட்டில், தட்டு எல்லாம் நம்மோடவே பஸ்ல திரும்பணும். சாக்கு நாங்க கொண்டு வர்றோம்.

பறவைகள் ஒதுங்குற மூலையில கயிறு கட்டிடுவோம். பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. தர்ப்பணம் தள்ளி, மறுபக்கம் நடக்கும்.

நம்ம முன்னோர்களும் கடல் தாண்டித்தான் இந்த மண்ணுக்கு வந்தாங்க. அவங்களை நினைச்சு எள்ளும் தண்ணியும் விடுற இடத்தில, தூரத்திலிருந்து களைச்சு வந்த உயிர்களும் கொஞ்சம் இளைப்பாறட்டும்.

பைனாகுலர் வச்சிருக்கவங்க கையோட எடுத்துட்டு வாங்க. காரியம் முடிஞ்சதும் அக்கா காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க.

அன்புடன்,
கோயில் தொண்டூழியர்கள்