இடக்கையால் ஒரு விடைபெறல்

ஒருவர் இடக்கையை நீட்டி உங்களிடம் முஸாபஹா செய்ய வந்தால் என்ன எண்ணுவீர்கள்? மரியாதை அறியாதவர் என்றுதானே? 2011 பிப்ரவரியில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றைவிட்டுப் புறப்படும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

மாலியின் தென்பகுதியில், பூகுனி நகருக்கு அப்பால் செம்மண் சாலையில் வெகுதூரம் சென்றால் அவ்வூர் வரும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. பிறகு கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும். ஊருக்கு இருந்தது ஒரே அடிபம்பு. அதனைப் பழுதுபார்க்க அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்றுத்தருவதே ஏழு மாதத் தொண்டாக எனக்கு வாய்த்தது.

அந்தப் பம்பு நமக்கு அந்நியமானதன்று. 1970களில் நம் நாட்டில் உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் சோதிக்கப்பட்ட 'இந்தியா மார்க் 2' வடிவம்தான் அது. மாலியில் 'இந்தியா-மாலி' என்று பெயர். கோவை மாவட்டத்துக்காரனான எனக்கு, அதன் கைப்பிடியின் கிறீச்சொலியைக் கேட்டதுமே குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைப்பருவம் நினைவுக்கு வந்துவிட்டது. ஊரார் எனக்குக் 'குலிபாலி' என்ற குடிப்பெயரையும் சூட்டினார்கள். அக்குடியினரைப் 'பயறு தின்பவர்கள்' என்று கேலி பேசுவது அந்நாட்டு வழக்கம். தட்டைப்பயற்றுக் குழம்பில் வளர்ந்த நான் எப்படி மறுக்க முடியும்?

இறுதி நாள் சுபுஹு தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பம்படியில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தனர். எவ்வளவு அடித்தும் நீர் வரவில்லை. விருந்துக்கு ஆடு அறுத்தாயிற்று, சமைக்க நீரில்லை. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தேன். பம்புக் குழுவின் தலைவியான மூதாட்டி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மகனே, நாளைக்கு நீ இருக்கமாட்டாய். உட்கார்."

உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பது அத்தனை கடினமான வேலை என்று அன்றுதான் அறிந்தேன். இவ்வகைப் பம்பில் அடியிலுள்ள உருளையைப் பார்க்க வேண்டுமெனில், மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். பிடி நழுவினால் எல்லாம் துளைக்குள் விழுந்துவிடும். பம்போடு கிணறும் போகும். ஆறாவது குழாயில் கிளாம்ப் வழுக்கி, குழாய் ஒரு சாண் சரக்கென்று இறங்கியது. பாய்ந்து எழுந்தேன். மூதாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரு இளம்பெண்களிடம் ஏதோ அதட்டினார். கிளாம்ப் மீண்டும் இறுகியது.

பழுது சிறியதுதான்: தோல் வாஷர் தேய்ந்து கிழிந்திருந்தது. புதியதைப் பொருத்திக் குழாய்களை இறக்கி முடிக்கையில் லுஹர் நேரம் கடந்துவிட்டது. முதலில் துருநீர், பிறகு தெளிந்த நீர். அல்ஹம்துலில்லாஹ்! அந்த நீரில்தான் நாங்கள் ஒளுச் செய்தோம், விருந்தும் வெந்தது.

அஸருக்குப் பின் மாமரத்தடியில் பச்சைத் தேநீர் மும்முறை வந்தது. முதல் சுற்றுக் கசப்பு, கடைசிச் சுற்று வெறும் சர்க்கரை. பெரியவர்கள் துஆக்களை அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் "ஆமீனா" என்று கூட்டம் முழங்கியது. அப்போதுதான் 'துகுதிகி' எனப்படும் ஊர்த்தலைவர் எழுந்து, தம் இடக்கையை நீட்டினார்.

திகைத்தேன். அருகிலிருந்த பள்ளி ஆசிரியர் விளக்கினார்: நெடும்பயணம் போகிறவருக்கு இங்கே இடக்கைதான் கொடுப்பார்கள். அது முறையல்ல என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தவற்றை வலக்கையால் நேர்செய்ய இருவரும் மீண்டும் சந்தித்தே ஆக வேண்டும், அதற்காகத்தான்.

என் இடக்கையைக் கொடுத்தேன். "இன்ஷா அல்லாஹ், வருவேன்" என்றும் சொன்னேன்.

2012 மார்ச்சில் மாலியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. வடக்கே பல நகரங்கள் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போயின. போர் ஓயவில்லை. நான் இன்றுவரை திரும்பிப் போகவில்லை. ஒரே ஒருமுறை அந்த ஆசிரியர் தொலைபேசியில் கிடைத்தார். பம்பை அதற்குப் பின் இருமுறை பிரித்துப் பூட்டிவிட்டார்களாம். மூதாட்டி அருகில்தான் நிற்கிறார் என்றார். அவர் கேட்கச் சொன்னது ஒன்றுதான்:

"பயறு தின்பவனே, எப்போது வருகிறாய்?"