மூன்று நிமிட மினுக்கல்

முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ! அந்த எண்ணை அளவுகோலாக வைத்து, எட்டாத தூரத்தில் உள்ள ஒன்றின் பருமனை அளக்கிறார்கள் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் சாவகாசமாகப் படிக்க வாய்த்தது.

சில கேலக்ஸிகளின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளையின் பக்கத்திலிருந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் தாரைகள் பீய்ச்சியடிக்கும். ஒரு தாரை நம்மைப் பார்த்து நேராக வந்தால் அந்த கேலக்ஸிக்கு 'பிளேசார்' என்று பெயர். பி.கே.எஸ். 2155-304 அப்படி ஒன்று. தூரம் சுமார் 150 கோடி ஒளியாண்டு. 2006 ஜூலை 28 அதிகாலை, நமீபியாவில் உள்ள 'ஹெஸ்' தொலைநோக்கிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் காமா கதிர் மூன்று நிமிடத்துக்குள் இரட்டிப்பாகி ஏறி இறங்கியது.

காமா கதிர் தரைவரை வராது. காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்த மழை விடும் நீல வெளிச்சம் நிற்பது நொடியில் 100 கோடியில் சில பங்குதான். அதைத்தான் பிடிக்கிறார்கள். (நம் ஊட்டியிலும் டாடா ஆய்வு நிலையத்தார் 1970-களிலேயே இந்த முறையில் வானத்தைப் பார்த்தார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது.)

சரி, மூன்று நிமிடத்தில் என்ன விசேஷம்? காலை அசெம்பிளியில் பிள்ளைகள் 'ஜெய்ஹிந்த்' சொல்வதை நினைத்துப் பாருங்கள். முன்வரிசைச் சத்தம் முதலில் வரும், கடைசி வரிசைச் சத்தம் சற்றுப் பிந்தி வரும். மைதானம் பெரிதாக இருந்தால் சத்தம் இழுபடும். வெளிச்சமும் அப்படித்தான். மூன்று நிமிடத்தில் மாறினால், அது வந்த இடமும் ஒளி மூன்று நிமிடத்தில் கடக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் அங்கிருக்கும் கருந்துளை நூறு கோடிச் சூரியன் எடை என்கிறார்கள். அப்படியானால் அதன் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

தாரை நம்மை நோக்கி வரும் வேகத்தில் நேரம் சுருங்கித் தெரிகிறது என்பது ஒரு பதில். ஆனால் கணக்கு கேட்கும் அளவு வேகம் ரேடியோ தொலைநோக்கிகளில் தெரியவில்லை. தாரைக்குள்ளேயே சின்னச் சின்னத் துண்டுகள் தனியாகப் பாய்கின்றன என்பவர்களும் உண்டு. எனக்கு அதுதான் மனசுக்குப் படுகிறது.

"150 கோடி வருஷம் முந்தி நடந்தது, மூணு நிமிஷமா முப்பது நாளான்னு யாருக்கு என்ன?" என்றாள் என் வீட்டம்மா. நல்ல கேள்விதான். அந்த மினுக்கலில் ஆற்றல் கூடிய கதிரும் குறைந்த கதிரும் கலந்து வந்தன. இத்தனை தூரம் ஓடியும் ஒன்று பின்தங்கியதாக அளவில் தெரியவில்லை. எல்லா ஒளிக்கும் ஒரே வேகம்தானா என்பதற்கு இது ஒரு கடுமையான பரீட்சை. மினுக்கல் முப்பது நாள் நீடித்திருந்தால், ஒரு நிமிடத் தாமதம் இருந்தாலும் அதற்குள் கரைந்து போயிருக்கும்.