கவாத்துக்குக் கூலி இல்லை

சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகளைக் கிளறி மிச்சத் தங்கத்தை எடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அந்தச் செய்தியை வைத்து எழுதலாம் என்றுதான் கோலார் தங்க வயலுக்குப் போனேன். மேடு என்பது சாம்பல் நிற மணல், மேலே ஏறினால் கண்ணில் அடிக்கும் காற்று, அவ்வளவுதான். கூட வந்த நண்பர் ஊரிகம் ஸ்கூலில் வாத்தியார். "இதை எல்லாரும் எழுதிட்டாங்க. சாம்பியன் ரீஃப் லைன்ல ஒருத்தர் சால்வியா வெட்டுவார், வாங்க" என்று கூட்டிப்போனார்.

லைன் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர் வீட்டு வாசலில் இருப்பது நாலடி அகல மண். அதில் வேலி ஓரமாகச் சிவப்புச் சால்வியா, அடுத்து நீலம், மூலையில் வெல்வெட் மாதிரிப் பூக்கிற ஊதா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் வீட்டில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அப்பா பங்களா மாலி, அதாவது தோட்டக்காரர். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் இங்கே கால்வைத்த பிறகு எழுந்த பங்களாக்கள் அவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், வெயில் மிதமான ஊர். துரைமார் சீமைப் பூக்களைப் பாத்திபோட்டு வளர்த்தார்கள். சிவனசமுத்திரத்திலிருந்து 1902லேயே சுரங்கத்துக்குக் கரண்ட் வந்த பெருமையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பாத்திகளை யார் குனிந்து வெட்டினார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இவர் மாலியாகவில்லை. சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடும்வரை அதுதான் வேலை. அங்கே தேய்ந்துபோன பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்றைப் பட்டறையில் பிடித்து, சாணையில் தீட்டி, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கைப்பிடி போட்ட கத்தி ஒன்று வைத்திருக்கிறார். கடையில் விற்கும் கவாத்துக் கத்தரியும் வீட்டில் இருக்கிறது. எடுப்பதில்லை. "கத்தரி ரெண்டு பக்கமும் நசுக்கும் சார். இது சீவும். நசுங்குன காம்பு கறுத்து அழுவும், சீவுனது காஞ்சி ஆறும்." ஒவ்வொரு செடிக்கும் போகும் முன் பிளேடை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கிறார். ஒரு செடி நோய் இன்னொன்றுக்கு ஒட்டக்கூடாதாம். ஒர்க்‌ஷாப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காம்பை என் விரலுக்கிடையில் வைத்து உருட்டச் சொன்னார். உருளவில்லை, நாலு பட்டை. இலை ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும், அடுத்த ஜோடி குறுக்கே திரும்பும். ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்குகிறது. நுனியில் பூங்கதிர் இருக்கும்வரை அது எழுந்திருக்காது. கதிர் வாடியதும், கீழே நல்ல பச்சையாக இருக்கும் இலை ஜோடிக்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால், இரண்டு பக்கமும் இரண்டு கிளை கிளம்பும். ஒரு கதிர் இரண்டாகும். தாழ விட்டு வெட்டினால் இலையில்லாத கட்டைதான் மிஞ்சும். உயர விட்டால் மொட்டை முனை காய்ந்து பின்வாங்கும். கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. பிரேசில் காட்டிலிருந்து வந்த சிவப்புச் சால்வியாவை மூன்றில் ஒரு பங்கு, செடி ரொம்ப நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டால் பாதி வெட்டுகிறார். மூலையிலிருந்த மெக்சிகோ ஊதாவுக்குக் கணக்கே வேறு: பூ முடிந்து தூரில் புதுக் குருத்து தெரிந்ததும், பழைய தண்டுகளைத் தரையோடு எடுத்துவிடுகிறார். எருக் கலவைக்கும் ஒரு கணக்கு சொன்னார். நான் கேட்டுக்கொண்டதோடு சரி.

வெட்டினால் மறுபூ வர ஐந்தாறு வாரம். ஆகவே ஜனவரி 26க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பர் நடுவில் கத்தி வைக்கவேண்டும். லால்பாக்கில் வருஷம் இரண்டு தடவை, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கண்காட்சி நடக்கிறதே, அந்தச் சிவப்புப் பாத்திகளுக்குப் பின்னாலும் இப்படி நாள் எண்ணும் கைகள் இருக்கும்.

இந்தக் கைக்கு வாரத்தில் ஆறு நாள் என்ன வேலை? விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரு போகிறார். இந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போகிற அதே ரயில். அங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்டவேலை. சால்வியா பூத்து முடிந்தால் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நர்சரியிலிருந்து பூவோடு வரும் கறுப்புப் பைச் செடிகளைக் குழியில் இறக்குவது. வெட்டினால் இதே செடி இன்னும் இரண்டு தடவை பூக்குமே என்று ஆரம்பத்தில் சொல்லிப்பார்த்தாராம். ஒப்பந்தக்காரர் சிரித்தாராம். அவருக்குக் காசு வருவது புதுச்செடிக்கு, பை ஒன்றுக்கு இவ்வளவு என்று. பழைய செடி பிழைத்தால் அவருக்கு நஷ்டம். குடியிருப்புக்காரர்களோ வெறும் பச்சையாக ஐந்து வாரம் பொறுக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. செடி வளர்ப்பதற்கென்று போட்ட ஒப்பந்தத்தில் செடி சாவதுதான் லாபம். அதில் தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே தினக்கூலி. தெரிந்ததைச் செய்தால் திட்டு வேறு. வேலை தெரிந்த ஆளை வைத்துக்கொண்டு அவனுடைய வேலையை மட்டும் தூக்கி எறிகிற சாமர்த்தியத்தை இடைத்தரகர்கள் எங்கே படித்தார்களோ. கைத்தறியில் பார்த்தேன், பூமாலைச் சந்தையில் பார்த்தேன், தோட்டத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? சுரங்கத்தில் ஃபிட்டர் கிரேடு என்று ஒன்றாவது இருந்தது. மாலிக்கு அதுவும் கிடையாது.

இதையெல்லாம் வெளியே வந்து நண்பரிடம் கொட்டினேன். அவர் நின்று சொன்னார்: "அந்த ஒப்பந்தக்காரன் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம மாரிகுப்பம் பையன்தான். அவங்க அப்பாவும் சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். அவனுக்கும் மேல ஒரு கம்பெனி இருக்கு, பைக்கு இவ்வளவுன்னு அவங்கதான் ரேட் போடுறாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. திரும்பி உள்ளே போனபோது பெரியவர், வெட்டிப்போட்ட நுனிகளில் பூவில்லாதவற்றைப் பொறுக்கி, அடியிலை கிள்ளி, ஈரமணல் தொட்டியில் செருகிக்கொண்டிருந்தார். வேர்பிடித்ததும் பக்கத்து லைனுக்குப் போகுமாம். விலை உண்டா என்றேன்.

"சும்மா தர்றது இன்னாத்துக்கு? வாங்கினாதான் தண்ணி ஊத்துவாங்க" என்றார்.