34 டிகிரிக்கு மேலே ஒரு ஊர்

கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. எங்கள் எடப்பாடியிலோ பங்குனி பிறந்துவிட்டால் நண்பகலுக்கு முன்பே அந்த 34 தாண்டிவிடும். ஊரே நாக்காகிவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? சாக்லேட் பிரியர்கள் சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் என்று பேச்சைத் தொடங்குவார்கள். எனக்கோ, எந்தச் சரக்கு எங்கள் ஊர் வெயிலில் பிழைத்தது என்பதுதான் பிராண்டுகளின் வரலாறு.

தறிச் சத்தம் கேட்கும் தெருக்களின் பெட்டிக்கடைகளில் முதலில் பிழைத்தவை பாகு காய்ச்சி இறுக்கிய வகைகள். கடலூர்ப் பக்கம் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி செய்த காபி பைட், லாக்டோ கிங். சித்தூர் நியூட்ரினின் மகா லாக்டோ. சர்க்கரையும் குளுக்கோஸும்தான் இவற்றின் உடம்பு. கோகோவை நம்பிப் பிறந்தவை அல்ல. பிறந்தநாளன்று கலர் சட்டையோடு வகுப்பு வகுப்பாகப் போய் நாங்கள் கொடுத்த சாக்லேட் இதுதான். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்பட்டதும் இதுதான். நாணயமாகப் புழங்கும் பொருள் கல்லாவில் உருகக் கூடாதல்லவா! 2004இல் பாரியின் மிட்டாய்த் தொழிலைக் கொரியாவின் லோட்டே வாங்கியது. எங்கள் தெருவில் யாரும் அதைக் கவனித்ததாக நினைவில்லை.

டெய்ரி மில்க் வந்தபோது கூடவே ஒரு குட்டிக் குளிர்பெட்டியும் வந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஊதா உறைகள் தெரியும். 2012 வாக்கில் தமிழ்நாடு பட்ட மின்வெட்டில் தறியும் நின்றது, அந்தப் பெட்டியும் நின்றது. உள்ளே இருந்தது உருகும். கரண்ட் வந்ததும் மறுபடி இறுகும். வாங்கிப்போன அம்மா ஒருவர் திரும்பி வந்து, "ஏனுங்க, வெள்ளையா பூசணம் புடிச்சிருக்குது, கொழந்தைக்கு எப்படிங்க குடுக்கறது?" என்று கேட்டதும், கடைக்காரர் பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்ததும் நான் பார்த்தவை.

அது பூசணம் இல்லை. கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது விதத்தில் உறைந்தால்தான் மினுமினுப்பு இருக்கும், ஒடித்தால் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்கும். ஆலையில் சூட்டை ஏற்றி, இறக்கி, மறுபடி லேசாக ஏற்றி அந்த ஐந்தாவதுக்குக் கொண்டுவருகிறார்கள். டெம்பரிங் என்பது அதுதான். உருகித் தன்போக்கில் இறுகும் கட்டிக்கு இந்தப் பக்குவமெல்லாம் கிடைக்காது. கொழுப்பு மேலே ஏறி வெள்ளைப் படலமாக நிற்கும். தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு இந்த விஞ்ஞானம் எதற்கு?

வெயிலோடு மல்லுக்கு நின்றவர்கள் உலகத்தில் வேறு பலரும் உண்டு. 1937இல் அமெரிக்க ராணுவம், கடும் சூட்டிலும் உருகாத ஒரு கட்டி வேண்டுமென்று ஹெர்ஷே கம்பெனியிடம் கேட்டது. ருசி வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்று மேலாக இருந்தால் போதும் என்பதும் நிபந்தனை; ருசியாக இருந்தால் சிப்பாய்கள் அவசரத்துக்கு வைக்காமல் தின்று தீர்த்துவிடுவார்களாம். நிபந்தனை அமோகமாக நிறைவேறியது, சிப்பாய்கள் திட்டித் தீர்த்தார்கள். சர்க்கரை ஓட்டுக்குள் சாக்லேட்டை அடைப்பது இன்னொரு வழி. அமெரிக்காவில் 1941இல் எம் அண்ட் எம்ஸ் அப்படித்தான் வந்தது, நமக்கு ஜெம்ஸ். மூன்றாவது வழி, கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு, எளிதில் உருகாத தாவரக் கொழுப்பைப் போடுவது. காம்பவுண்ட் என்பார்கள். ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் கிலோக் கணக்கில் கொண்டுவரும் 'ஹோம்மேட்'டிலும் இது உண்டு. மெழுகுபோல் மேலண்ணத்தில் ஒட்டினால் தெரிந்துகொள்ளலாம். எனக்கு அது பிடிக்காது. உருகாத சாக்லேட்டைவிட மகா லாக்டோ நேர்மையானது.

இனிப்பை வெயிலுக்குத் தோதாகச் செய்வதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துபோகும் எடப்பாடிக் கூட்டம், மலையிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறது. இரவில் மலைமேல் தங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது. அதனால்தான் குளிர்பெட்டி இல்லாமலே நாள்பட நிற்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நிஜமான கோகோ நமக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. பொள்ளாச்சியில் தென்னைக்கு நடுவே கோகோ வளர்த்து, காயை உடைத்துப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, கட்டி வரைக்கும் தாங்களே செய்கிறார்கள் 'சோக்லெட்' என்னும் பிராண்டுக்காரர்கள். கார்த்திகை, மார்கழியில் வரவழைத்தால் முழுசாக வந்துசேரும். பழப்புளிப்பும் கசப்புமாக, டெய்ரி மில்க் பழகிய நாக்கை முதலில் முகம் சுளிக்கவைக்கும். இரண்டாவது துண்டில் சரியாகிவிடும்.

2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் மழை தப்பி, மரங்கள் நோயில் விழுந்ததுதான் காரணம். சேதி பூலாம்பட்டி வரைக்கும் வந்தது. காவிரிக் கரையில் தென்னை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஊடுபயிராகக் கோகோ வைக்கலாமா என்று கேட்டார். பழைய கதையைச் சொன்னேன்: 1965இல் காட்பரி வயநாட்டில் பயிரைத் தொடங்கிவைத்ததும், 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்து வாங்க ஆளில்லாமல் போனதும், மங்களூர் கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் கொள்முதலில் இறங்கி 1986இல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையே கட்டியதும். கேட்டுக்கொண்டார், கன்றும் நட்டுவிட்டார். 2025 முடிவதற்குள் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. "எறங்கினா எறங்கட்டுமுங்க. தென்னைக்கு விடற தண்ணிதானுங்களே, அதுபாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகுது" என்றார்.