பாரம் எந்தக் காலில்?

"முகத்தை அப்புறம் பாத்துக்கலாம். பாரம் எந்தக் கால்ல இருக்கு, அதை மொதல்ல சொல்லு."

ஓவிய ஆசிரியர் இப்படிக் கேட்டதும் மாணவி தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் தொரட்டியை வலக்கையில் ஊன்றி நின்றிருந்தார். "இடது கால்ல சார்." "அப்ப வலது தோள் மேல ஏறி இருக்கணுமே, நீ ரெண்டையும் ஒரே மட்டத்துல போட்டிருக்க." அவள் தாளைப் பார்த்தாள். பெரியவரைப் பார்த்தாள். புதுத் தாள் எடுத்தாள்.

விராலிமலைக்குப் பக்கத்திலுள்ள ஆவூருக்கு இவர்கள் விடுமுறை நாட்களில் வருகிறார்கள். ஆசிரியர் ஒரு அரசுப் பள்ளியில் பகுதிநேரமாக ஓவியம் சொல்லித்தருகிறார். உடன் வருபவர்கள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள். கோபுரம், தெப்பக்குளம், மாட்டுவண்டி என்று நீர்வண்ணத்தில் வரைய நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அந்தப் படங்களில் மனிதர்கள் தூரத்துப் புள்ளிகளாக இருப்பார்கள். ஆளையே பக்கத்தில் நிறுத்தி, தண்ணீரை நம்பி வரைகிறவர்கள் குறைவு. மரக்கிளை அரை அங்குலம் தள்ளிப்போனால் எவருக்கும் தெரியாது. தோள்பட்டை தள்ளிப்போனால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம். நீர்வண்ணம் அந்தச் சலுகையை அநேகமாகத் தருவதில்லை.

ஏன் ஆவூர் என்று கேட்டேன். "பாஸ்கா" என்றார் ஆசிரியர். 1747-இல் கட்டப்பட்ட பெரியநாயகி மாதா ஆலயம் இங்கே இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய தலம் இது. ஈஸ்டரை ஒட்டி ஏசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவார்கள், பிறகு தேர். சிறுவயதில் அந்தப் பாஸ்காவைப் பார்க்க வந்தவர் இவர். சிலுவையைத் தூக்கி நடப்பவர் தடுமாறி விழும் காட்சி மனதில் ஒட்டிக்கொண்டதாம். "மொகம் தெரியாது, நான் ரொம்பப் பின்னாடி உக்காந்திருந்தேன். முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. ஆனா வலி முழுசும் தெரிஞ்சுச்சு." அவர் கற்பிக்கும் பாடம் அங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வெயிலில் வாஷ் எனும் நீர்த்த நிறப்பூச்சைப் போட்டு முடிக்குமுன்பே தாளின் ஒரு பக்கம் காய்ந்துவிடும், காய்ந்த விளிம்பில் கோடு விழும். அதற்காகத் தாளின் இருபுறமும் நனைத்து, நனைந்த துணியின்மேல் விரித்துக்கொள்கிறார்கள். 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் தண்ணீரைத் தாங்கும், ஆனால் விலை கூடுதல். பயிற்சிக்குப் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதமோ சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளோதான். பழைய ஓவியர்கள் பெருமையாகச் சொல்லும் கீரி முடித் தூரிகை இவர்கள் கையில் இல்லை. அதை விற்பதும் வாங்குவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது நன்றாகவே வருகின்றன.

அடுத்து ஒரு ஆத்தா வந்து உட்கார்ந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "என்னைப் போய் வரையுறீகளே, நல்ல சீலை கட்டிட்டு வரவா?" என்று கேட்டார். "வேணாம் ஆத்தா, இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் தானே வரைய உட்கார்ந்தார். பென்சிலில் ஏழெட்டுக் கோடுதான்: முதுகின் வளைவு, இடுப்பு, மடக்கிய முழங்கால், முழங்காலின்மேல் தொங்கும் கை. முகத்துக்கு ஒரு முட்டை வடிவம்.

பிறகு எல்லோ ஆக்கரில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா கலந்து, தலை, கழுத்து, கை, சேலை எல்லாவற்றின் மீதும் ஒரே ஓட்டமாக இழுத்தார். முகம் வேறு, உடை வேறு என்று பிரிக்கவில்லை. உச்சந்தலை, தோள்பட்டை, முழங்கால் மூன்றிலும் மட்டும் வெள்ளைத் தாளை அப்படியே விட்டார். ஈரம் காய்வதற்குள் முழங்கையின் அடியில் அல்ட்ராமரைன் நீலத்தை ஒரு சொட்டு வைத்தார். அது கையிலிருந்து நழுவிச் சேலைக்குள் பரவியது. ஒரு பையன் பதறித் துணியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. "விடு, கையோட நெழல் சேலையிலதானே விழுது? அது போக வேண்டிய எடத்துக்குத்தான் போகுது." காய்ந்த பிறகு இரண்டாம் சுற்றில் தாடைக்குக் கீழே, அக்குளில், இடுப்பு மடிப்பில் அடர்நிறம். கண்களை எழுதவே இல்லை. கண் குழியில் ஒரு நிழல், மூக்குக்கு அடியில் ஒன்று, அவ்வளவுதான். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

தோல் நிறத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. வண்ணப் பெட்டிகளில் 'ஸ்கின் கலர்' என்று வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்று வரும். பிள்ளைகள் தங்கள் அம்மாவை அந்த நிறத்தில் வரைந்துகொண்டு வருகிறார்கள். கறுத்த தோலின்மேல் வெளிச்சம் விழும் இடத்தைப் பாருங்கள் என்றார். ஆத்தாவின் புறங்கையைப் பார்த்தேன். மேடான எலும்புகளின்மேல் வானத்தின் நீலம் தெளிவாகத் தெரிந்தது. நிழல் பக்கம் குளிர்ந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன், அங்கேதான் செம்மண் தரையின் சூடு எதிரொளித்து ஆரஞ்சாக இருந்தது. ஒரு கையில் அத்தனை நிறங்கள். நம் உடம்பை நாமே இப்படி உற்றுப் பார்க்காமல், பெட்டியில் அடைத்து வந்த நிறத்தை நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆத்தா படத்தைப் பார்க்க எழுந்து வந்தார். கண் இல்லாததைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "இடுப்பு வலி வந்தா இப்படித்தான் ஒக்காருவேன்" என்றார்.

உடம்பைக் கொண்டு பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சமணக் குகைக்கோயிலின் தூண்களில் இரண்டு நடன மங்கையர் இருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவி, மஞ்சள் காவி, கரி போன்ற நிறங்களால் எழுதியவை. முகங்கள் மங்கிப்போயின. வீசிய கையும் வளைந்த இடையும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. விராலிமலையில் சதிர் ஆடிய மரபின் கடைசிக் கலைஞரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். ஆசிரியர் தம் மாணவர்களைச் சதிர் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே தூரிகையால் கிறுக்கச் சொல்வாராம்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் செய்ததும் இதைத்தான். 1906-இல் பிரான்சுக்கு வந்த கம்போடிய நடனப் பெண்களைப் பார்த்துப் பரவசப்பட்டு, பாரிஸிலிருந்து மார்சேய் வரை பின்தொடர்ந்து போய் வரைந்தார். ஏறக்குறைய 150 படங்கள். தாளைப் பார்க்காமல் ஆடுபவரை மட்டும் பார்த்துக் கோடு இழுப்பார், அதன்மேல் நீர்வண்ணம் படரவிடுவார். கோட்டைத் தாண்டி நிறம் வழியும், அந்த வழிதலில் அசைவு இருக்கும். சில ஆண்டுகள் கழித்து நம் நடராசர் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து உருகி எழுதியவரும் அவரே.

சென்னையிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1929-இல் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அவனீந்திரநாத் தாகூரிடம் நீர்வண்ணம் பயின்றவர். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். பாறையைத் தள்ளும் அந்த நால்வரின் முகத்தை நினைவிலிருந்து சொல்ல எத்தனை பேரால் முடியும்? கால்கள் மண்ணை உதைத்து நிற்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஓவியர் மாருதியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் கருத்து வேறுபட்டது. 1938-இல் புதுக்கோட்டையில் பிறந்த அவருடைய பெண் முகங்கள் பல பத்தாண்டுகள் வார இதழ் அட்டைகளை ஆண்டன. 2023-இல் அவர் மறைந்தபோது பல வீடுகளில் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்திருப்பார்கள். அவரைப் பார்த்து வரைந்து பழகியதால்தான் நம் பிள்ளைகளுக்கு முகத்தைத் தாண்டிக் கண் போவதில்லை என்றான் ஒரு மாணவன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கன்னத்தில் நிறம் நிறத்தோடு கலக்கும் இடத்தில் விளிம்பே தெரியாமல் கரைக்கும் அந்தக் கை, ஈரத்தின் நேரம் அறிந்த கை. அதைக் கற்க முகமும் ஒரு நல்ல வழிதான். ஆசிரியர் இருவரையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் வேணும், ஆனா முகத்துல ஆரம்பிச்சவன் கழுத்தோட நின்னுடுறான்" என்றார்.

பிழைப்பைப் பற்றியும் பேசினோம். 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. பல போராட்டங்களுக்குப் பிறகு 2024-இல் அது 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சாலையில் உட்காராத ஆண்டு குறைவு. குழந்தைகளுக்குப் பார்க்கக் கற்றுத்தரும் வேலைக்கு இந்த நாடு கொடுக்கும் மதிப்பு இதுவென்றால், எனக்கு அதில் கோபம் உண்டு. மாணவர்கள் கல்யாண வீடுகளுக்குப் புகைப்படத்தைப் பார்த்து உருவப்படம் வரைந்து கொடுத்துத் தாள் வாங்குகிறார்கள். அந்தப் படங்களில் மட்டும் கண், மூக்கு, நகை எல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும், நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகப் போடச் சொல்கிறவர்களும் உண்டு.

இந்தப் பணமுடையிலும் ஒரு விஷயத்தில் ஆசிரியர் கறாராக இருக்கிறார். உட்கார்ந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் கிளம்புவதில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய், அதற்குக் குறையாமல் ஆளாளுக்குப் போட்டுச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். "சும்மா ஒக்காந்ததுக்கு எதுக்குய்யா?" என்று ஆத்தா மறுத்தார். அசையாமல் உட்காருவதும் வேலைதான் ஆத்தா என்று அந்த மாணவி சொல்லிப் பணத்தை அவர் கையில் வைத்தாள். படமும் வேண்டுமா என்று கேட்டதற்கு, பேத்தி போனில் படம் பிடித்துக்கொண்டால் போதும் என்றார். பேத்தியைக் கூட்டிவர ஒருவன் ஓடினான். மற்றவர்கள் அடுத்த தாளை நனைக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்கள்.