எங்கள் பழைய பென்ஸ்

எங்கள் வீட்டு மோட்டார் வண்டியை விற்பதென்று சென்ற ஆண்டு முடிவாயிற்று. முடிவெடுத்தவர் ரொறன்ரோவிலுள்ள என் தமையனார், உடன்பட்டவர் அம்மா, வாளாவிருந்தவன் நான்.

வண்டி 1956ஆம் ஆண்டின் மெர்சிடீஸ் பென்ஸ் 220 எஸ். ஆறு சிலிண்டர்களும் 2195 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய இயந்திரம். கியர்க் கோல் ஸ்ரேரிங் தண்டின் பக்கத்தே அமைந்தது. நியாயவாதியாகிய என் பாட்டனார் புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் சென்றுவர வாங்கியது. அதன் இலக்கத் தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பின்னர் சிங்கள ஸ்ரீ எழுத்துச் சட்டமாகி, வடக்கிலே அவ்வெழுத்தின்மீதும், 1958இல் தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீதும் தார் பூசப்பட்ட காலத்தில், எங்கள் வண்டிக்கு எந்தத் தாரும் படவில்லை. பாட்டனார் இதைத் தமது முன்யோசனை என்று சொல்லிக்கொள்வாராம். அது வெறும் தற்செயல் என்பதே என் எண்ணம்.

பாட்டனாருக்குப் பின் வண்டி ஐயாவின் உடைமையாயிற்று. ஞாயிறு மாலைகளில் வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை போய்வருவோம். கால் துடையாமல் ஏற அனுமதி இல்லை. "அதுதான் உங்கள் ஐயாவின் மூத்த பிள்ளை" என்பார் அம்மா. அவருக்கு அவ்வண்டிமேல் என்றுமே பிரியம் இருந்ததில்லை.

1983 யூலை 25, திங்கட்கிழமை. காலி வீதியில் மறிக்கப்பட்ட வாகனங்களிலிருந்து எடுத்த பெற்றோலே வீடுகளுக்கு ஊற்றப்பட்டது. எங்கள் வீடும் எரிந்தது. அப்போது எனக்கு வயது பதினொன்று. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எங்களைத் தூக்கி எடுத்தார்கள். பின்னர் அகதி முகாம். அதன்பின் கப்பலில் காங்கேசன்துறை.

வண்டி மட்டும் வீட்டில் இருக்கவில்லை. காபுரேற்றர் பழுதாகி, கிருலப்பனையில் ஒரு சிங்கள பாஸின் கராஜில் நின்றது. சில மாதங்களின் பின் ஐயா தனியே கொழும்புக்கு வந்து பார்த்தபோது, அது சாக்குகளாலும் கிழிந்த படங்குகளாலும் மூடப்பட்டு, இலக்கத் தகடு கழற்றப்பட்டு நின்றதாம். கேட்டவர்களுக்கெல்லாம், "ஓடாத பழைய இரும்பு" என்று பாஸ் சொல்லியிருக்கிறார். காபுரேற்றர் திருத்திய கூலிக்கு மேல் ஒரு சதமும் அவர் வாங்கவில்லை. அலுமாரியோடு எரிந்த பதிவுப் புத்தகத்துக்குப் பதிலாக ஐயா அந்த நொவம்பரில் ஒரு பிரதியைப் பெற்றார்.

எரிந்த இடத்திலேயே மீண்டும் வீடு கட்டினோம். பழைய வீட்டைச் சேர்ந்த பொருளென்று அதில் இருந்தது கராஜில் நின்ற அந்த வண்டி ஒன்றே. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் எனக் கியூஆர் அட்டையில் பங்கிட்டபோது, எண்பது கடந்த ஐயா தம் பென்சுக்கும் ஓர் அட்டை எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவருகே நின்று கேட்பார். மறு ஆண்டு அவர் காலமானார்.

வாங்க வந்தவர் திருமணங்களுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு சிங்கள இளைஞர், தொழில் அறிந்தவர். துணி சுற்றிய காந்தத்தை உடலெங்கும் வைத்துப் பார்த்தார். நிலத்தில் படுத்துக் கறள் தேடினார். சசி இலக்கத்தைத் தேய்த்து வாசித்தார். தேநீர் வேளையில், காலிமுக ஹோட்டலில் காட்சிக்கிருக்கும் 1935ஆம் ஆண்டுச் ஸ்ராண்டட் காரைப் பற்றிச் சொன்னார். இளவரசர் பிலிப் கடற்படை இளைஞராக இங்கிருந்தபோது, 1940இல் பன்னிரண்டு பவுணுக்கு வாங்கியது அது. வண்டியைவிட அதன் கதைக்கே பெறுமதி என்பது அவர் கருத்து.

பிறகு பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். "எல்லாம் அசல். புத்தகம் மட்டும் பிரதி" என்று விலையைக் கணிசமாகக் குறைத்தார். சந்தையில் அது வழமைதான். நான் தலையசைக்கவும் தொடங்கிவிட்டேன்.

அதுவரை பேசாதிருந்த அம்மா சிங்களத்தில் சொன்னார்: "மகனே, அசல் அலுமாரியோடு எரிந்தது, அலுமாரி வீட்டோடு எரிந்தது. பிரதி கொடுத்த திகதியைப் பார்."

அவர் பார்த்தார். 1983இல் அவர் பிறந்திருக்கமாட்டார்; ஆயினும் அந்த ஆண்டு எதைக் குறிக்கிறதென்பது அவருக்கு விளங்கிற்று. தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், குறைத்ததில் பாதியைக் கூட்டித் தந்தார்.

அன்றிரவு தமையனார் தொலைபேசியில், "மற்றப் பாதியை ஏன் விட்டாய்?" என்று கேட்டார். அவருடைய கணக்கில் பிழையில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் பதில் கூறாமல் கராஜுக்குப் போய், வண்டி நின்ற இடத்து எண்ணெய்க் கறைமேல் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார்.