நோக்கம் என்ற கட்டம்

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை முதன்முறையாக முழுவதும் படித்தபோது எனக்கு இலக்கியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கிளையின் நகைக்கடன் பதிவேடுதான் வந்தது. ஈழத்து அரசனின் முடி, அவன் தேவியரின் முடி, பாண்டியன் அவர்களிடம் வைத்திருந்த முடி, இந்திரன் ஆரம். கடாரத்துக்கு வந்தால் வித்தியாதரத் தோரணமும் மணி பதித்த கதவும். ஜயங்கொண்டத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தோடு, ஜிமிக்கி, ஆரம் என்று நாளெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு இந்தத் தொனி பழக்கமானது. உணர்ச்சிவசப்படாத, துல்லியமான, பொருளைத் தவிர வேறெதையும் பார்க்காத தொனி.

அதிலும் அந்தப் பாண்டியன் முடி. பத்தாம் நூற்றாண்டில் சோழனிடம் தோற்ற பாண்டியன் அதை ஈழத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனான். முதலாம் பராந்தகன் கேட்டுப் பார்த்தான், படையும் அனுப்பினான், கிடைக்கவில்லை. ராஜேந்திரன்தான் எடுத்து வந்தான். ஏறக்குறைய நூறு ஆண்டு மீட்கப்படாமல் கிடந்த அடகு. மீட்டவன் வைத்தவனல்ல என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம், படிப்பு, வைத்தியம், குடும்பச் செலவு என்று எழுதுவார்கள். இந்தப் பத்து வருஷத்தில் 'பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டிவிட்டான்' என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரு கௌரவமான சொல்தான் விழுகிறது. கங்கைப் படையெடுப்புக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. பகீரதன் தவத்தால் கொணர்ந்த கங்கையைத் தோள்வலியால் கொணர்ந்து தன் நாட்டைப் புனிதமாக்க ராஜேந்திரன் எண்ணினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி. அந்தச் செப்பேட்டின்படி அவன் கங்கைவரை போகவுமில்லை. போனது தளபதி. மன்னன் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். தோற்ற மன்னர்கள் தலையில் குடம் வந்தது. அந்த நீரைக் கொண்டு அமைந்ததுதான் சோழகங்கம் என்ற ஏரி. நீராலான வெற்றித்தூண் என்று செப்பேடு அதைச் சொல்கிறது. உவமை நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் சங்கடம்.

2025 ஜூலையில், ஆடித் திருவாதிரையை ஒட்டி, கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையும் சேர்த்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழா நடந்தது. பிரதமர் வந்து ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிட்டார். கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். புல்தரையில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விமானத்தைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது அழகானது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது அயோக்கியத்தனம். ஆனால் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் மனம் குடம் சுமந்தவர்களிடம்தான் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? ஊருக்குத் திரும்பினார்களா? செப்பேட்டுக்கு அதில் அக்கறையில்லை. குடம் வந்து சேர்ந்ததோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதே காட்சி நம் இலக்கியத்தில் முன்பே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். அங்கும் நோக்கம் கௌரவமானதுதான். ஆனால் காப்பியம் அங்கே நிற்கவில்லை. சோழனும் பாண்டியனும் இந்த வெற்றியை ஏளனம் செய்த செய்தி வருகிறது. செங்குட்டுவன் கண் சிவக்கிறான். அப்போது மாடலன் என்ற மறையவன் எழுந்து, ஆட்சிக்கு வந்து ஐம்பது ஆண்டு போன பின்னும் போர்க்கள வேள்வியைத் தவிர வேறு செய்யவில்லையே நீ என்கிறான். இளமையும் செல்வமும் உடம்பும் நில்லாதவை என்கிறான். மன்னன் கேட்டுக்கொள்கிறான். சிறையிலிருந்த ஆரிய அரசர்கள் விடுதலை பெறுகிறார்கள். மக்களுக்கு வரியும் நீங்குகிறது. இளங்கோ செங்குட்டுவனைக் கண்டித்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். வஞ்சிக் காண்டம் முழுக்கப் பெருமிதம்தான். ஆனாலும் பெருமிதத்தின் நடுவில் ஒருவனை எழுந்து பேச விட்டிருக்கிறார். மெய்க்கீர்த்தியில் மாடலன் இல்லை. எனக்குத் தெரிந்தவரை இலக்கியத்துக்கும் கல்வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது ஒன்றுதான்.

பி.ஏ. வகுப்பில் மார்லோவின் 'டாம்பர்லேன்' பாடமாக இருந்தது. ஆட்டிடையனாகத் தொடங்கியவன் தோற்ற மன்னர்களைத் தேரில் பூட்டி ஓட்டுகிறான். சாகும்போது வரைபடம் கேட்கிறான், இன்னும் பிடிக்காத நிலம் எவ்வளவு என்று பார்க்க. மறுமலர்ச்சிக்கால மனிதனின் எல்லையற்ற வேட்கை என்று குறிப்பெழுதிக்கொண்டு தேர்வில் அதையே எழுதினேன். தேரிழுத்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அதற்கும் முன்னால், பள்ளிக்கூட நாட்களில், அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' படித்திருந்தேன். 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். படித்த காலமெல்லாம் நான் மரக்கலத்தில்தான் இருந்தேன். கரையில் நின்று மரக்கலம் வருவதைப் பார்த்தவனாக ஒரு நாளும் இருந்ததில்லை. நம் சரித்திர நாவல்களின் வாசகன் எப்போதும் வென்றவன் பக்கமே உட்காரவைக்கப்படுகிறான். பிறகு வாழ்க்கையில் அவன் எந்தப் பக்கம் இருந்தாலும், மனம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

இதுவரை எழுதியது சுலபம். பேராசையை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மன்னனிடம் காண்பதில் விமர்சகனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. என் விஷயம் வேறு.

அதிகாரி பதவி உயர்வுக்கான தேர்வை நான் மூன்று முறை எழுதாமல் விட்டேன். மாற்றல், மாலையில் வேலை, இலக்கு என்று போனால் வாசிப்பும் எழுத்தும் போய்விடும். இதை நண்பர்களிடம் சுதந்திரம் என்று சொன்னேன். எழுத்தாளனின் சுதந்திரம் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். நண்பர்கள் தலையசைத்தார்கள். நாங்கள் நடத்திய பத்திரிகை முந்நூறு பிரதி. ஓர் இதழுக்குப் பணம் போதவில்லை. என் மனைவியின் இரண்டு வளையல்களை எங்கள் கிளையிலேயே வைத்தேன். சக ஊழியர் எழுதினார். நான் பக்கத்து மேஜைக்கு நகர்ந்துகொண்டேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும் சத்தம் கேட்டது. "நோக்கம் என்ன சார் போடட்டும்?" என்றார் ஊழியர். "குடும்பச் செலவு" என்றேன்.

அந்த இதழில் என் கட்டுரைதான் முதலில் இருந்தது.

வளையலைக் கேட்டபோது இதழின் முக்கியத்துவத்தை மனைவிக்கு விளக்கினேன், அரை மணி நேரம். கேட்டுவிட்டு, "வட்டி கட்டற தேதி மட்டும் சொல்லிடுங்க" என்றாள். மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு அவள் ட்யூஷன் எடுக்கிறாள். வட்டி அதிலிருந்துதான் போகிறது. அதிகாரி ஆகாதவனின் சுதந்திரத்தை மாதாமாதம் யார் சுமக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. புல்தரையில் உட்கார்ந்து குடம் சுமந்தவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. முந்நூறு பேரிடம் பெயர் எடுக்கும் வேட்கை, கடாரம்வரை பெயர் எடுக்கும் வேட்கையைவிடச் சிறியது என்பது உண்மை. வேறு ஜாதி என்பது உண்மையா? மாடலன் சொன்ன அளவுக்கு அவளும் சொல்லிவிட்டாள். செங்குட்டுவன் கேட்டுக்கொண்டான்.

வேட்கையே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்ட என்னால் முடியவில்லை. வேட்கை இல்லாமல் இந்த விமானம் எழும்பியிருக்காது, பத்திரிகையும் வந்திருக்காது. 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்ட இந்தக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ராஜேந்திரனின் பெருமிதத்தில் ஒரு பகுதி இன்று கொள்ளிடத்து நீரைத் தடுத்து வயலுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அது கொள்ளையா, கற்களுக்குக் கிடைத்த நல்ல கதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்த நோக்கத்தையும் அதன் கட்டத்தில் எழுதியிருக்கும் சொல்லை வைத்து எடைபோடக் கூடாது, சுமந்தவர்களைக் கேட்க வேண்டும் என்ற அளவுக்குத்தான் வர முடிகிறது. விமர்சனத்துக்கும் இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோயிலின் வடக்கு வாயிலருகே சிவன் சண்டேசருக்குப் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. ராஜேந்திரனே தனக்கு முடிசூட்டிக்கொண்டதாக அதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்குச் சண்டேசர் கணக்கர். சோழர் காலத்தில் கோயிலின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் பெயரில்தான். இன்றும் அவர் சன்னதியில், கோயில் பொருள் எதையும் எடுத்துப்போகவில்லை என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகிறார்கள்.

நானும் தட்டினேன். சத்தம் வந்தது. வளையல்கள் இன்னும் பெட்டகத்தில்தான் இருக்கின்றன.